ஆள் கூடியிருக்கிறது, வேலை கூடியிருக்கிறதா? பாளையங்கோட்டை சிவில்–நீர் பொறியியல் அலுவலகம் ஒன்றைப் பற்றி

பாளையங்கோட்டையில் வீட்டுக் கட்டுமானமும் தண்ணீர் வேலையும் சேர்த்துச் செய்கிற ஒரு சிறிய பொறியியல் அலுவலகம் சில ஆண்டுகளில் நன்றாக வளர்ந்திருக்கிறது. 2 பொறியாளர், ஒரு வரைவாளர் என்று தொடங்கியது. இன்று 14 பேர். வள்ளியூரில் கிளையும் வந்துவிட்டது. நிலத்தடி நீர் பார்க்க ஒரு புவியியலாளர், கான்கிரீட் பரிசோதனைக்கு டிப்ளமோ படித்த ஒரு பெண், முடித்துக் கொடுத்த வேலைகளைத் திரும்பப் போய்ப் பார்க்க 3 பேர் கொண்ட குழு ஆகியவை புதிதாகச் சேர்ந்தவை. விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் பெயர் வேண்டாம். இந்த ஆட்களால் வேலையில் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் சம்ப், அதாவது தரைக்குக் கீழே கட்டும் தண்ணீர்த் தொட்டி. 2023 டிசம்பர் 17, 18 மழை வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணி ஆற்றங்கரைப் பக்கம் சம்ப் கட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிட்டது. எத்தனை லிட்டர் என்பதோடு, நிலத்தடி நீர் மேலே ஏறினால் தொட்டி மிதக்குமா என்றும் கேட்க வேண்டும். கணக்கு எளிது. உதாரணத்துக்கு ஒரு தொட்டி: வெளி அளவு 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். அடித்தளம் 20 செ.மீ., சுவர் 15 செ.மீ., மேல்மூடி 12 செ.மீ. உள்ளே ஏறத்தாழ 10,000 லிட்டர் பிடிக்கும். இதன் கான்கிரீட் எடை சுமார் 12.5 டன். தரைமட்டம் வரை மண்ணில் நீர் நின்றால் மேல்நோக்கித் தள்ளும் விசை 15 டன். கழுவுவதற்காக அந்த நேரத்தில் தொட்டியைக் காலி செய்தால் அது மேலே எழும்பும், குழாய் இணைப்பு உடையும், அடித்தளத்தில் விரிசல் விழும்.

இந்த அலுவலகம் வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம் போன்ற ஆற்றோர இடங்களுக்குக் கொடுக்கும் வரைபடத்தில் அடித்தளத்தைச் சுற்றிலும் 30 செ.மீ. வெளியே நீட்டிவிடுகிறார்கள். அந்த நீட்டத்தின் மேல் விழும் மண்ணின் எடையே தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன அளவுக்குக் கணக்குப் போட்டால், தள்ளும் விசையைப் போல 1.3 மடங்கு எடை கிடைக்கிறது; 1.2 மடங்கு இருந்தாலே போதும். கூடுதல் கான்கிரீட் முக்கால் கன மீட்டருக்கும் குறைவு. இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு பெரிய சேதத்தைத் தடுக்கும் வேறு வழி இல்லை. மேன்ஹோல் விளிம்பைத் தெருமட்டத்துக்கு மேல் தூக்கி வைப்பதும், செப்டிக் டேங்கைச் சம்பிலிருந்து எட்டத் தள்ளுவதும் அதே வரைபடத்தில் எழுதியே வருகின்றன.

கான்கிரீட் போடும் நாளில்தான் ஆள் சேர்த்ததன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீர் தாங்கும் தொட்டிக்கு எம்30 என்ற வலிமைத் தரக் கலவை, சிமென்டுக்கு 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், எம்–சாண்டில் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. மத்தியான வெயிலில் கலவை இறுகும்போது “அண்ணாச்சி, கெட்டியா இருக்கு, ஒரு வாளி ஊத்திக்கிடவா?” என்று மிக்சர் பக்கத்திலிருந்து குரல் வரும். ஒரு மூட்டைக் கலவையில் அந்த 10 லிட்டர் வாளி விழுந்தால் விகிதம் 0.65. தொட்டி கசிவதற்குப் பாதிக் காரணம் அந்த வாளிதான். வேண்டாம் என்று சொல்லவும், தேவைப்பட்டால் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்து கலக்கவும் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முன்பெல்லாம் பொறியாளர் காலையில் வந்து கம்பியைப் பார்த்துவிட்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். இப்போது போட்டு முடியும் வரை ஒருவர் இருக்கிறார். பரிசோதனைப் பொறுப்பில் இருப்பவர் 15 செ.மீ. கனசதுரங்கள் 6 எடுத்து, 3 ஐ 7ஆம் நாளும் 3 ஐ 28ஆம் நாளும் உடைத்து வலிமை பார்த்து எண்களை வீட்டுக்காரருக்கே தருகிறார். கேட்காமலே தருகிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அடித்தளத்தோடு சேர்த்தே சுவரை 15 செ.மீ. உயரம் எழுப்பி, அந்த இணைப்பில் நீர் கசியாமல் தடுக்கும் பிவிசி பட்டையை (வாட்டர் ஸ்டாப்பர்) வைக்கிறார்கள். சென்ட்ரிங் பலகையைப் பிடிக்கச் சுவருக்குள் ஊடுருவிப் போகும் கம்பியை விடுவதில்லை. அந்தக் கம்பி ஓரமாகத்தான் பின்னாளில் நீர் சொட்டும். குறையும் உண்டு: கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஒன்றே ஒன்றுதான் கொண்டுவருகிறார்கள். நடுவில் நின்றுபோனால் கம்பியால் குத்திச் சமாளிப்பார்கள், கான்கிரீட்டில் தேன்கூடு போல ஓட்டைகள் விழும். ஒரு உபரி வைப்ரேட்டர் ஊசியாவது சைட்டில் இருக்க வேண்டும்.

முடிந்ததும் ஒரு ராத்திரி தண்ணீர் நிறுத்திப் பார்த்து “சரியா இருக்கு” என்று சொல்வது ஊர் வழக்கம். கான்கிரீட் முதலில் தண்ணீரைக் குடிக்கும். அதனால் தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3370 சொல்வது போல 7 நாள் நிரப்பி விட்டுவிட்டு, அடுத்த 7 நாள் கவனிக்க வேண்டும். வெளிப்பக்கம் உலர்ந்தே இருக்க வேண்டும். சுற்றி மண் போடுவதற்கு முன்பே இதைச் செய்தால்தான் ஈரம் தெரியும். இவர்கள் 14 நாளும் காத்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேலை வந்தால் இந்தக் காத்திருப்பில் குழிக்குள் மழைத் தண்ணீர் நிறைந்துவிடும் என்பதால், அந்த மாதங்களில் சம்ப் வேலையை ஒத்திப்போடச் சொல்கிறார்கள். சரியான யோசனை.

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு விஷயத்தில் புவியியலாளர் வந்ததில் பெரிய மாற்றம். திருநெல்வேலி மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை. தண்ணீர் இருப்பது மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான். நிலத்தின் மின்தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி கருவியில் 4 கம்பிகளை ஒரே நேர்கோட்டில் அடித்து, வெளிக்கம்பி இரண்டிலும் மின்சாரம் செலுத்தி, உள்கம்பி இரண்டிலும் மின்னழுத்தம் பார்ப்பார்கள். இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆழத்தின் சேதி கிடைக்கும். ஆனால் 100 மீட்டர் இருபக்கமும் நீட்ட 200 மீட்டர் நேர்கோடு வேண்டும். கேடிசி நகர், பெருமாள்புரம் வீட்டு மனையில் அதற்கு இடம் ஏது? மனைக்குள்ளேயே 20 மீட்டரில் நீட்டிவிட்டு “300 அடியில் தண்ணி” என்று சொல்கிறவரை நம்பக் கூடாது. இவர்கள் தெருவோரம் அல்லது பக்கத்துக் காலி நிலத்தில் கோடு பிடிக்கிறார்கள். முடியாத இடத்தில் முடியாது என்று அறிக்கையிலேயே எழுதிவிடுகிறார்கள். களிமண்ணும் உப்புத் தண்ணீரும் கூட நல்ல நீரைப் போலவே குறைந்த எண் காட்டும் என்பதால், சுற்றுவட்டார போர்களின் ஆழத்தையும் டிடிஎஸ்ஸையும் (நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) எழுதி வாங்கிக்கொண்டுதான் முடிவு சொல்கிறார்கள்.

துளை போடும்போது மண் சரியாமல் காக்கும் கேசிங் குழாய் கெட்டிப்பாறைக்குள் சில அடி இறங்கி உட்கார வேண்டும். அடிக்கணக்கில் காசு என்பதால் மேலேயே நிறுத்திவிடுவது வழக்கம். பிறகு மண் சரிந்து மோட்டார் மாட்டிக்கொள்ளும். இவர்கள் ஆள் வைத்து அளந்து எழுதுகிறார்கள். தண்ணீர் வரத்துக்கும் கணக்கு உண்டு: 200 லிட்டர் டிரம் ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர். மழைக்காலமான கார்த்திகையில் எடுத்த அளவை வைத்து மோட்டார் வாங்காதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

வள்ளியூர்க் கிளை இன்னும் தேறவில்லை. அங்கே இருப்பவர் ஒரு இளம் பொறியாளரும் ஒரு மேற்பார்வையாளரும் மட்டும்; துளை போடுவது வெளி ஒப்பந்தக்காரர். ராதாபுரம், திசையன்விளை, உவரிப் பக்கம் கடல் நெருங்கும் இடங்களில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் நிற்கிறது. ஆழம் போகப் போக நல்லது என்று எண்ணி இறக்கினாலோ, பெரிய மோட்டார் போட்டு வேகமாக இழுத்தாலோ அந்த உப்புத் தண்ணீர் மேலே ஏறும். ஆழத்தைக் குறைத்து, சின்ன மோட்டாரை அதிக நேரம் ஓட்டுவதே வழி. கிளையின் விலைப்பட்டியலில் ஆழத்துக்கு இத்தனை என்று மட்டுமே இருக்கிறது. குளோரைடு எவ்வளவு வந்தால் துளையை நிறுத்துவது என்ற வரி இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 படி குளோரைடு லிட்டருக்கு 250 மி.கி. வரை நல்லது, வேறு நீர் இல்லாதபோது 1,000 வரை. குளோரைடு பார்க்கும் கருவியும் பரிசோதனைப் பெண்ணும் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் வள்ளியூரில் உட்கார வேண்டும்.

மானூர், கங்கைகொண்டான் கரிசலில் மழைநீர்க் குழி தோண்டி ஜல்லி போட்டு மூடுவதை இவர்கள் செய்வதில்லை. கரிசல் நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும், குழி குளமாய் நிற்கும். சிதைந்த பாறை வரை சிறு துளை போட்டு, வடிகட்டிய மாடித் தண்ணீரை அதில் விடுகிறார்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் கழிவு போக சுமார் 750 லிட்டர் கிடைக்கும். குடிக்க எடுக்கும் போருக்குள்ளேயே அதை நேராக விடச் சொல்கிறவர்களும் உண்டு, இவர்கள் மறுத்துவிடுகிறார்கள்.

பராமரிப்புக் குழு மழைக்கு முன் ஒருமுறை வந்து வடிகட்டியைக் கழுவி, சம்பைப் பார்த்துவிட்டுப் போகிறது. முதல் ஆண்டு இலவசம், பிறகு கட்டணம். ஒப்பந்தம் போடும்போது 4 வரிகளை எழுதி வாங்குங்கள்: கான்கிரீட் நாளில் நிற்கப் போகும் பொறியாளரின் பெயர், அவருக்கு அன்று வேறு சைட் இல்லை என்ற உறுதி, 14 நாள் நீர்ச்சோதனை முடிந்த பிறகே கடைசித் தவணை, கேசிங் எத்தனை அடி இறங்கியது என்ற அளவுச் சீட்டு. பாளையங்கோட்டை அலுவலகம் நான்குக்கும் தயங்காமல் கையெழுத்துப் போடுகிறது. வள்ளியூரில் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.