94-லேயே நின்ற வயரும் 180 ரூபாய் டெஸ்டரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் 100 மெகாபிட்டுக்கு மேல் பிளான் போட்டிருக்கிறீர்கள், வைஃபையில் வேகம் நன்றாக வருகிறது, ஆனால் லேன் வயரைச் செருகினால் மட்டும் ஸ்பீடு டெஸ்ட் சொல்லிவைத்த மாதிரி 94-லேயே வந்து நிற்கிறது என்றால் லேன் வயருக்குள் இருக்கும் கம்பிகள் இரண்டு முனைக்கும் நடுவில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கும் இந்த டெஸ்டரை வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாத சாம்பல் நிற டப்பா, உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று போட வேண்டும், அதைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் 300 மெகாபிட் பிளான். ரூட்டர் கீழே ஹாலில், நான் வேலை பார்ப்பது மாடி அறையில், நடுவில் வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப் விட்டு இழுத்துவைத்த கேட் 6 என்ற ரக லேன் வயர். முன்பு 100 மெகாபிட் பிளானில் இருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. 300-க்கு மாறி நாலு மாதம் ஆகியும் மாடியில் 94-ஐத் தாண்டவில்லை. கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார்கள். நேரில் வந்தவர் ரூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு மொபைலில் வைஃபை டெஸ்ட் போட்டு 285 காட்டினார். "லைன் நல்லாதான் இருக்கு சார், வயர்ல இவ்ளோதான் வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் சொன்னது தவறு, இதைக் கேட்டுக்கொண்டு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

94 என்ற எண்ணே நோயைச் சொல்லிவிடும். லேன் போர்ட் 100 மெகாபிட்டில் இணைந்திருந்தால் டேட்டாவைச் சுமந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது சின்னத் துண்டும், வயரில் 1538 பைட் இடம் பிடிக்கும், அதில் நம்முடைய டேட்டா 1460 பைட்தான், மிச்சமெல்லாம் முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 95-க்குக் கொஞ்சம் கீழே வரும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். அங்கே 100/100 என்று இருந்தால் பிளானையோ கம்பெனி சர்வரையோ குறை சொல்லிப் பயனில்லை, சிக்கல் உங்கள் கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில்தான்.

டெஸ்டர் வாங்கப் போவதற்கு முன்னால் ரூட்டர் மாடலின் விவரத்தைப் பாருங்கள். லேன் போர்ட் 10/100 என்று மட்டும் போட்டிருந்தால் வயரை மாற்றி ஒன்றும் ஆகாது, 10/100/1000 அல்லது கிகாபிட் என்று இருக்க வேண்டும். ஃபைபர் கம்பெனிகள் கொடுக்கும் சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100 என்றும் இருக்கும். யூஎஸ்பியில் செருகும் மலிவான லேன் அடாப்டர்களிலும் இதே கதை. எங்கள் ரூட்டரில் நாலுமே கிகாபிட். லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய் வேறு சின்ன வயரில் செருகினால் லிங்க் 1000 வந்தது. ஆக, சுவருக்குள் ஓடும் வயர் மேல்தான் சந்தேகம்.

டெஸ்டரில் இரண்டு பகுதி. பேட்டரி உள்ள பெரியது ஒரு முனையில், சின்னது மறுமுனையில். ரூட்டரிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் வயரைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கேமராவுக்கு லேன் வயரிலேயே மின்சாரம் போகிற வீடாக இருந்தால் இதில் ரொம்பக் கவனம், டெஸ்டர் கருகிவிடும். ஸ்விட்சைப் போட்டால் 1 முதல் 8 வரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே வரும். நான் கீழே நின்று ஸ்விட்சைப் போட, மாடியில் சின்ன டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் படியில் நின்று கத்தினாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறு. அவ்ளோதாம்ப்பா." நான் இன்னும் இரண்டு சுற்று பார்க்கச் சொன்னேன். அதே ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு.

அந்த நாலு எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நாலு கம்பி, அதாவது இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ரூட்டர் கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. மாடியில் வயர் நுனியில் இருக்கும் கனெக்டரை, அதாவது போர்ட்டில் செருகும் பிளாஸ்டிக் முனையை, வெட்டிப் பார்த்தேன். நீல ஜோடியையும் பழுப்பு ஜோடியையும் உறைக்குள்ளேயே மடித்துவிட்டு, ஆரஞ்சையும் பச்சையையும் மட்டும் கனெக்டருக்குள் அழுத்திக் கிரிம்ப் பண்ணியிருந்தார்கள். கீழ்முனையிலும் அப்படியே. வயரில் எட்டுக் கம்பி இருக்கிறது, அதற்குத்தான் காசு வாங்கினார்கள், பாதியை மடித்துவிட்டுப் போக எப்படி மனம் வந்ததோ.

கிரிம்பிங் டூலைத் தெரிந்தவரிடம் வாங்கி இரண்டு முனையையும் புதிதாகப் போட்டேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இந்த வரிசையைக் காகிதத்தில் எழுதி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். ஜோடிக் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும், அந்த முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள், அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும். முதல் தடவை ஏழாவது விளக்கு எரியவில்லை, வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். எட்டும் எரிந்ததும் லேப்டாப்பைச் செருகினேன். லிங்க் 1000/1000, ஸ்பீடு டெஸ்ட் 296. நாலு மாதமாகத் தீராதது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்தது.

இப்போது இதன் குறை, இதைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். கடைக்காரர் விற்கும்போதே சொன்னார்: "ஸ்பீடெல்லாம் காட்டாதுண்ணே, கம்பி சேர்ந்திருக்கா இல்லையான்னு மட்டும்தான் காட்டும்." அன்று அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். அப்புறம்தான் இன்னொரு வயரில் அது என்னவென்று புரிந்தது. ஹாலிலிருந்து பக்கத்து அறைக்கு எலக்ட்ரீஷியன் ஒருவர் போட்டுக்கொடுத்த வயர், டெஸ்டரில் 1 முதல் 8 வரை அழகாக எரிகிறது, ஆனால் செருகினால் லிங்க் ஒரு நேரம் 1000, ஒரு நேரம் 100, பெரிய ஃபைல் காப்பி பண்ணினால் நின்று நின்று போகிறது. டெஸ்டரை நம்பி ரூட்டர் செட்டிங்கையெல்லாம் இரண்டு நாள் நோண்டினேன். கடைசியில் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருப்பதால் டெஸ்டருக்கு அது சரியான வயர்தான். ஆனால் 3-ம் 6-ம் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கலந்துவிடும். எனவே எட்டும் எரிந்தாலும் நிறத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள், கனெக்டர் கண்ணாடி மாதிரிதானே இருக்கிறது.

அதே போல, செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரையும் இது கண்டுபிடிக்காது. கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும், அந்த வயரைச் சுவருக்குள் விடாதீர்கள், வளைவுகளில் சீக்கிரம் ஒடியும்.

கட்டமைப்பு சுமார்தான். பேட்டரி மூடி லூஸ், வெயிலில் விளக்கு சரியாகத் தெரிவதில்லை, கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். எட்டுக்கு அப்புறம் ஜி என்று ஒரு விளக்கு இருக்கும், அது மேலுறையில் உலோகத் தகடு சுற்றிய வயருக்கு மட்டும், சாதாரண வயரில் எரியாவிட்டால் பயப்பட வேண்டாம். ஆயிரக்கணக்கில் விலையுள்ள டெஸ்டர்கள் எத்தனையாவது மீட்டரில் கம்பி அறுந்திருக்கிறது என்றுகூடச் சொல்லும். வீட்டில் நாலைந்து வயர் பார்ப்பதற்கு அது தேவையில்லை, இதுவே போதும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். இப்போது டெஸ்டர் என்னிடம் இல்லை, எதிர்வீட்டு அண்ணன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் வீட்டு வயரிலும் 94தான் வருகிறதாம்.