எம்1 மேக்புக் ஏரில் ஃபெடோரா அசாகி ரீமிக்ஸ்: ஆர்ம் மடிக்கணினிக்கு லினக்ஸ் வந்துவிட்டதா?

இன்டெல், ஏஎம்டி சில்லுகளிலிருந்து வேறுபட்ட கட்டமைப்புள்ள ஆர்ம் சில்லு கொண்ட மடிக்கணினியில் லினக்ஸை மட்டுமே நம்பி அன்றாட வேலைகளை முடிக்க இயலுமா என்பதை அறிய, 2020 நவம்பரில் அறிமுகமான எம்1 மேக்புக் ஏர் ஒன்றை, 8 ஜிபி நினைவகத்துடன், பழையதாக வாங்கி, ஆப்பிளின் ஆர்ம் சில்லுகளுக்கு லினக்ஸைக் கொண்டுவரும் அசாகி திட்டத்தின் லினக்ஸ் பதிப்பான ஃபெடோரா அசாகி ரீமிக்ஸை நிறுவினேன். இயலும் என்பதே என் முடிவு. ஆனால் எந்தக் கணினியில் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நிறுவுவது எளிது. மேக் டெர்மினலில் ஒற்றை வரிக் கட்டளையை இட்டால், நிறுவியே வட்டில் இடம் ஒதுக்கித் தருகிறது. அதன்பின் கணினியை முழுவதுமாக அணைத்து, தொடக்கத் தேர்வுகள் திரையில் தோன்றும்வரை பவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரக்காரர்கள் தவறவிடக்கூடிய படி இது ஒன்றே. பிற கெர்னல்களை (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஏற்க ஆப்பிளின் துவக்க முறையே வழி விட்டிருப்பதால், எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை.

கேடிஇ பிளாஸ்மா திரைமுகப்பு, ஃபயர்பாக்ஸ், லிபர்ஆபிஸ், ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை என எனக்கு வேண்டிய அனைத்தும் ஃபெடோராவின் களஞ்சியத்திலேயே ஆர்ம் வடிவில் கிடைத்தன. மென்பொருள் பக்கம் ஆர்முக்கு ஆயத்தமாகிப் பல காலம் ஆகிறது. சிக்கல் முழுவதும் வன்பொருள் பக்கமே இருக்கிறது.

அதற்கு ஸ்பீக்கரைவிட நல்ல சான்று இல்லை. இந்தக் கணினிகளின் சிறிய ஸ்பீக்கர்களுக்கு அளவுக்கு மீறிய மின்திறன் சென்றால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். ஆகவே அசாகி குழுவினர் தொடக்கத்தில் ஸ்பீக்கர்களை முடக்கியே வைத்திருந்தார்கள். பின்னர், சுருளின் வெப்பநிலையை நொடிதோறும் கணித்து ஒலியளவைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு நிரலை எழுதி, மாடலுக்கு மாடல் ஒலியைச் சீர்படுத்தி, அதன் பிறகே திறந்துவிட்டார்கள். நாகஸ்வரக் கச்சேரி ஒன்றை ஒலிக்கவிட்டபோது தவிலின் அடித்தொனி வரை தெளிவாகக் கேட்டது; இந்த உழைப்பை எண்ணி உண்மையாகவே நெகிழ்ந்தேன்.

கிராபிக்ஸ் டிரைவரும் அத்தகையதே. அலிசா ரோசன்ஸ்வைக் உள்ளிட்டோரின் முயற்சியால் 2024-இல் ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலைத் தரத்தின் 4.6 பதிப்புக்கான சான்று கிடைத்தது. ஆப்பிளின் சொந்த இயங்குதளமோ 4.1-உடன் நின்றுவிட்டது. எக்ஸ்86-க்கென (இன்டெல், ஏஎம்டி சில்லு வகை) எழுதப்பட்ட விளையாட்டுகளை ஓட்டவும் வழி உண்டு. ஆனால் கெர்னல் 16 கேபி நினைவகப் பக்கங்களையும் (நினைவகத்தைப் பிரிக்கும் துண்டுகள்), அந்த நிரல்கள் 4 கேபி பக்கங்களையும் எதிர்பார்ப்பதால், இடையில் ஒரு சிறிய மெய்நிகர் கணினி இயங்க வேண்டியிருக்கிறது. அதற்கு 8 ஜிபி நினைவகம் போதாது.

குறைகளும் உள்ளன. நான் பயன்படுத்தும் வெளியீட்டில் யூஎஸ்பி-சி வழியாக வெளித்திரையை இணைக்க முடியாது. கைரேகை உணரி இயங்காது. மூடி வைத்திருக்கும்போது மேக் இயங்குதளத்தைவிட பேட்டரி விரைவாகக் குறைகிறது. அலுவலகத்தில் பெரிய திரையை நம்பியிருப்பவர்களுக்கு முதல் குறையே போதும், வேண்டாமென்று சொல்ல.

எதிர்காலத்தைப் பற்றி என் கவலை வேறு. வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினிகளில் உள்ள பாகங்களைத் தொடக்க மென்பொருளான பயாஸே இயங்குதளத்துக்கு அறிவித்துவிடுவதால், ஒரே நிறுவல் கோப்பு எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஆர்ம் மடிக்கணினிகளில் லினக்ஸுக்கு ஒவ்வொரு மாடலுக்கும் தனியாக, அதன் பாகங்களை விவரிக்கும் ஒரு டிவைஸ் ட்ரீ கோப்பு எழுதப்பட வேண்டும். அதை எழுதுபவர்களோ கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அசாகியைத் தொடங்கிய ஹெக்டர் மார்ட்டின் 2025 பிப்ரவரியில் விலகினார். பணி தொடர்கிறது என்றாலும், எம்1, எம்2 வரிசைகளுக்குக் கிடைத்த ஆதரவு அடுத்த தலைமுறைகளுக்கு அதே வேகத்தில் எட்டவில்லை. லினக்ஸ் மடிக்கணினிகளையே தொழிலாகக் கொண்ட ஜெர்மனியின் டக்ஸீடோ நிறுவனம்கூட, குவால்காமின் ஆர்ம் சில்லான ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் கொண்ட மடிக்கணினித் திட்டத்தை 2025 நவம்பரில் நிறுத்தியது. சில்லு தயாரிப்பாளர்களே இப்பொறுப்பை ஏற்று, கணினி கடைக்கு வரும் நாளிலேயே கெர்னலில் ஆதரவைச் சேர்க்காதவரை இந்த நிலை மாறாது என்று கருதுகிறேன்.

எம்1 அல்லது எம்2 கருவியை ஏற்கெனவே வைத்திருந்து, வெளித்திரை தேவைப்படாதவர்கள் தயங்காமல் இதை நிறுவலாம். லினக்ஸுக்காகவே புதிய ஸ்னாப்டிராகன் மடிக்கணினி வாங்க நினைப்பவர்கள், அந்த மாடலின் டிவைஸ் ட்ரீ கோப்பு கெர்னலில் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.