கார்டு பாக்கியைக் குறைக்க நாலு வழி, சிபிலுக்கு எது தேவலை?

டியூ தேதிக்குள் முழுப் பில்லையும் கட்டிவிடுகிறேன், ஒருமுறைகூடத் தவறியதில்லை, அப்படியும் சிபில் ஸ்கோர், அதாவது கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பார்த்துப் போடும் மதிப்பெண், ஏறவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். கார்டு லிமிட் 60,000 ரூபாய். மளிகை, பெட்ரோல், பள்ளிக் கட்டணம் எல்லாம் அதிலேயே தேய்த்து மாதம் 45,000 போய்விடும். சிக்கல் அங்கேதான். வங்கி சிபிலுக்குத் தகவல் அனுப்பும் நேரத்தில் கார்டில் என்ன பாக்கி நிற்கிறதோ அதுதான் சிபில் ரிப்போர்ட்டில் ஏறும், அதை நான் பத்து நாள் கழித்து முழுசாகக் கட்டினாலும் அன்றைய கணக்கில் லிமிட்டில் 75 சதவீதத்தைத் தின்றவன் நான். 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். அது சட்டமில்லை, ஒரு கைக்கணக்கு.

என்னைப் போல மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறவருக்கு முன்னால் இருப்பது இரண்டு வழி. ஒன்று, பில் போடும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுவது. இன்னொன்று, லிமிட்டை உயர்த்திக் கேட்பது. 60,000 லிமிட் 1,50,000 ஆனால் அதே 45,000 செலவு 30 சதவீதமாகிவிடும், கையிலிருந்து ஒரு பைசா கூடுதலாகப் போகாது. கேட்க இதுதான் சுலபம். ஆனால் கூடின லிமிட்டைப் பார்த்ததும் ஃபிரிட்ஜை மாற்றலாமா என்று தோன்றும், எனக்குத் தோன்றியது! அதனால் என் ஓட்டு முதல் வழிக்கு. 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டதால், பாக்கியைக் குறைத்தது ரிப்போர்ட்டில் தெரிய முன்போல ரொம்ப நாள் ஆவதில்லை. லிமிட்டுக்காகப் புதுக் கார்டு வாங்குவது மட்டும் வேண்டாம், புது விண்ணப்பம் என்றாலே ரிப்போர்ட்டில் ஒரு என்க்வயரி (கடன் கேட்டதால் வங்கி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தது என்ற பதிவு) விழும்.

சரி, பாக்கி ஏற்கெனவே சேர்ந்துவிட்டது, கட்ட முடியவில்லை என்றால்? இங்கே கதையே வேறு. ஒரு லட்சம் லிமிட்டில் 72,000 பாக்கி, வட்டி மாதம் 3.75 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 2,700, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 486, ஆக 3,186. மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, பாக்கியில் 5 சதவீதம் என்றால் 3,600. கட்டினதில் அசலுக்குப் போனது வெறும் 414 ரூபாய்! லேட் என்ற பெயர் வராது, அவ்வளவுதான். பாக்கி 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும், புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

அந்தப் பாக்கியை கார்டிலேயே இஎம்ஐ ஆக்கச் சொல்லிப் போன் வரும். வட்டி குறையும், உண்மைதான். ஆனால் அந்தத் தொகை பொதுவாக லிமிட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்து, தவணை கட்டக் கட்டத்தான் விடுபடும் என்பதால் ஸ்கோருக்கு உடனடி லாபம் பெரிதாக இல்லை. பெர்சனல் லோன் எடுத்துக் கார்டை அடைத்தால் கடன் என்னவோ அதேதான், ஆனால் கார்டில் பாக்கி பூஜ்யமாகிவிடுகிறது, லிமிட்டில் எத்தனை சதவீதம் என்ற கணக்குக்குள் அந்த லோன் வராது. ஒரு என்க்வயரி விழும், பிராசசிங் கட்டணம் போகும். வட்டி ஆண்டுக்கு 14, 15 சதவீதத்தில் கிடைத்தால், ஆண்டுக்கு 45 சதவீதத்தோடு பார்க்கும்போது அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். காலியான கார்டை மறுபடி தேய்க்க மாட்டேன் என்று உங்கள் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் இதுதான் நல்லது, இல்லாவிட்டால் இஎம்ஐயே தேவலை.

அடைத்த வேகத்தில் கோபத்தோடு கார்டை மூடிவிடாதீர்கள். வேறு கார்டில் பாக்கி இருந்தால், மொத்த லிமிட் குறைந்து சதவீதம் அங்கே ஏறிவிடும். வருடக் கட்டணம் இல்லாத கார்டு என்றால் மொபைல் ரீசார்ஜுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், என் பழைய கார்டு இப்போது அந்த வேலையைத்தான் பார்க்கிறது.