கேடிலாக்கா, இம்பீரியலா, லிங்கனா: நீள லிமோசின் வாங்கியவன் கணக்கு

போன வருஷம் 1965 லிங்கன் கான்டினென்டல் லிமோசின் ஒன்றை வாங்கினேன். வீடு சிகாகோவுக்கு வெளியே. வாங்குவதற்கு முன் ஒரு வருஷம் முழுக்க மூன்று வண்டிகளுக்கு இடையே அல்லாடினேன். நான் லிங்கன் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குத் தக்கபடி கழித்துக்கொண்டு படியுங்கள்.

எது சொகுசு, எது பெட்ரோலைக் குடிக்கும் என்ற பேச்சே வேண்டாம். எல்லாமே சொகுசு, எல்லாமே குடிகாரன்.

கேடிலாக் ஃப்ளீட்வுட் 75 கம்பெனியே நீளமாகக் கட்டியது. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 150 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் தூக்கம் வரும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

இம்பீரியல் நேர் எதிர். கிறைஸ்லர் இரண்டு கதவு வண்டியை இத்தாலியின் டூரினுக்குக் கப்பலில் அனுப்ப, அங்கே கியா (Ghia, கொரியக் கியா இல்லை) பட்டறையில் அதைக் குறுக்கே வெட்டி 20.5 அங்குலம் நீட்டி, நான்கு கதவு வைத்தார்கள். 1957 முதல் 1965 வரை மொத்தமே 132 வண்டி. ஒரு கண்காட்சியில் பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்ததோடு சரி, ஓட்டியதில்லை. ஆகவே ஓட்டத்தைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன்.

என் முடிவை மாற்றியது எஞ்சின் இல்லை. எந்த அமெரிக்க வி8 எஞ்சினுக்கும் இங்கே மெக்கானிக் கிடைப்பார். கதவும் கண்ணாடியும்தான் மாற்றின.

லிங்கன் லிமோசினைச் செய்தவர்கள் சிகாகோவின் லேமன்-பீட்டர்சன் பட்டறைக்காரர்கள். அவர்கள் செய்த வேலை எளிமையானது: சாதாரண கான்டினென்டலை நடுவில் வெட்டி, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையில் 34 அங்குலம் சேர்த்துப் பற்றவைத்தார்கள். அந்தத் துண்டு மட்டும்தான் கைவேலை. பானெட், பம்பர், முன் கண்ணாடி, பின்பக்கம் கீல் வைத்த அந்தப் பின் கதவு எல்லாம் சாதாரண வண்டியுடையவை. 1965-இல் மட்டும் கான்டினென்டல் சுமார் 40,000 வந்தது. பழைய வண்டி உடைக்கும் யார்டில் தேடினால் கதவு கிடைக்கும். இம்பீரியலுக்கு ஒரு கதவு வேண்டுமென்றால் யாரிடம் போய்க் கேட்பது?

கேடிலாக் கம்பெனி வண்டிதானே, பாகம் கிடைத்துவிடும் என்று நானும் நினைத்தேன். ஆனால் சாதாரண கேடிலாக்குகள் 1960-க்குப் பிறகு விட்டுவிட்ட அந்த வளைந்து சுற்றும் முன் கண்ணாடி, 75-இல் மட்டும் 1965 வரை தொடர்ந்தது. நான் பார்த்த ஒரு 75-இல் அதே கண்ணாடியில் ஓரத்திலிருந்து நீளமாக விரிசல். விற்பவர் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அந்தச் சோதனை வந்தது. வாங்கிய மூன்றாம் மாதம் நண்பனின் பையன் அடித்த பேஸ்பால், இடது பின் கதவுக் கண்ணாடியைத் தூளாக்கியது. 1964, 65 மாடல்களில் பக்கக் கண்ணாடி தட்டை. அதற்கு முந்தையவற்றில் வளைவு உண்டு. வலது கதவுக் கண்ணாடியைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றிப் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போனேன். அளவெடுத்தார்கள், அடுத்த வாரம் புதுசு வந்துவிட்டது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் 1965-இல்தான் வந்தது என்பதால், இந்த இரண்டு வருஷ மாடல்களில் நான் தேர்ந்தெடுத்தது 65-ஐ.

லிங்கனிலும் ஆபத்து இருக்கிறது. தனி சேஸ் கிடையாது, பாடியே சேஸ். அதை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றால் ஒட்டில் துரு பிடித்தால் கதை முடிந்தது. அட்டையை விரித்துக் கீழே படுத்து, கதவுக்கடியில் ஓடும் ராக்கர் முழுக்க ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மேலே காந்தத்தை ஓட்டுங்கள். நான் முதலில் பார்த்த லிங்கனில் காந்தம் ஒட்டாமல் ஒரு ஜாண் நீளத்துக்கு வழுக்கியது. உள்ளே பட்டி அப்பியிருந்தார்கள். அன்றைக்கே திரும்பி வந்துவிட்டேன்.

விற்றால் எது லாபம் என்று கேட்காதீர்கள், நான் இன்னும் விற்றதில்லை. அபூர்வம் என்பதால் இம்பீரியலுக்கு ஆள் இருக்கும் என்று தோன்றுகிறது.

இன்னொன்று, அளவெடுக்காமல் வாங்காதீர்கள். என் கராஜ் ஆழம் 20 அடி. வண்டி கிட்டத்தட்ட 21. பின்சுவரை இடித்து ஓரடி தள்ளிக் கட்டிய செலவை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.