மலை ரயில் என்று சொல்லி வேனில் ஏற்றினார்கள்

ஊட்டி மலை ரயிலுக்கு ‘ஒரு நாள் பேக்கேஜ்’ எடுக்கப் போகிறீர்கள் என்றால், பணம் அனுப்புவதற்கு முன்னால் ஏஜெண்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஸ்டேஷனில் ஏறுகிறோம்? நான் அதைக் கேட்கவில்லை. 12,000 ரூபாயும் போய், 74 வயது அப்பாவை குன்னூர் பிளாட்பாரத்தில் டிக்கெட் இல்லாமல் நிறுத்தி வைத்த கதை இது.

அப்பா மதுரையில் ஒரு மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர். பல்சக்கரம் என்றாலே அவருக்கு ஒரு தனி மரியாதை. மேட்டுப்பாளையம் ரயில் பல் பிடித்து மலை ஏறும் என்று யாரோ சொல்லி எப்போதோ கேட்டிருக்கிறார். "ஒரு தடவை அந்த ஏத்தத்துல உட்காந்து போகணும்டா" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டம், ஏரி, சாக்லேட் எதிலும் அவருக்கு ஆர்வமில்லை. அந்தப் பல் கடிக்கும் சத்தம் மட்டும் போதும்.

போன வருடம் கோவையில் அக்கா வீட்டுக்குப் போனபோது இதை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நாங்களாகவே டிக்கெட் எடுக்கலாம் என்று பார்த்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு நாளுக்கும் இடம் இல்லை. அப்போதுதான் ஒரு டிராவல்ஸ்காரரின் விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு ஆளோடு முடிகிற விஷயமில்லை இது. இதே மாதிரி விளம்பரத்தை அதற்குப் பிறகு வேறு இரண்டு இடத்திலும் பார்த்துவிட்டேன். பாலத்தின் மேல் புகை கக்கிக்கொண்டு நிற்கும் நீராவி என்ஜின் படம். கீழே ‘யுனெஸ்கோ பாரம்பரிய ரயில், உறுதியான இருக்கை, கோவையிலிருந்து வேன், மதிய உணவு, ஊர் சுற்றல், தலைக்கு 2,400’. ஃபோன் செய்து "நீராவி ரயில்தானே? பல்சக்கரம் வச்சு ஏறுமே, அதுதானே?" என்று கேட்டேன். "அதேதான் சார், உலகப் புகழ்பெற்ற ரயிலாச்சே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று பிறகு வாதாடினார். யோசித்துப் பார்த்தால் அவர் வாயிலிருந்து ‘மேட்டுப்பாளையம்’ என்ற சொல் கடைசிவரை வரவே இல்லைதான்.

அப்பா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள், நான். ஐந்து பேருக்கும் முழுப் பணத்தையும் ஜி-பேயில் அனுப்பினேன். மறுநாள் டிக்கெட் விவரம் குறுஞ்செய்தியாக வந்தது. மூன்று பேருக்கு மட்டும் உறுதியான இருக்கை; மிச்ச இரண்டு பேருக்கு "தனி பி.என்.ஆர்., அப்புறம் அனுப்புறேன்" என்றார். வந்த செய்தியில் ரயில் எண்ணைத் தேடிப் பார்த்தேன். மேட்டுப்பாளையம் – உதகமண்டலம் ரயிலின் எண்ணேதான். நிம்மதியாகிவிட்டேன். எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஓ.என்.ஆர். – யு.ஏ.எம்.’ என்று இருந்தது. யு.ஏ.எம். என்றால் உதகமண்டலம் என்று ஊகித்தேன். ஓ.என்.ஆர். என்பதை ‘ஊட்டி நீலகிரி ரயில்வே’ என்று நானே விரித்துப் படித்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.

ஓ.என்.ஆர். என்பது குன்னூர் ஸ்டேஷனின் குறியீடு. மேட்டுப்பாளையத்துக்கு எம்.டி.பி.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், இந்த ரயிலின் சிறப்பு என்று எதையெல்லாம் படத்தில் காட்டி விற்கிறார்களோ, அதில் பெரும்பகுதி குன்னூருக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு பட்டை; ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம் வருகிற மாதிரி தள்ளி வைத்திருப்பார்கள். எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருந்துகொண்டே இருக்கும். ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்த முறை. ஏறக்குறைய 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏறும் சரிவு அது. என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கத்தில்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்பார். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் நின்று என்ஜின் தண்ணீர் குடிக்கும். இதெல்லாம் குன்னூர் வரைதான். அந்தப் பகுதி 1899இல் திறந்தது. ஊட்டி வரை பாதை போனது 1908இல். குன்னூருக்கு மேலே பல்பட்டை கிடையாது, சாதாரணத் தண்டவாளம். இழுப்பது டீசல் என்ஜின். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அந்தப் பாதையும் அழகுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா கேட்டது அதை இல்லையே.

போகிற நாளுக்கு முந்தைய இரவு பத்து மணிக்குத்தான் இரண்டாவது பி.என்.ஆர். வந்தது. அப்பா பெயரும் என் பெயரும். இரண்டும் வெயிட்டிங் லிஸ்ட். ஃபோன் செய்தால் "காலைல கிளியர் ஆயிடும் சார், தினமும் பார்க்கிறதுதானே" என்றார். யாருக்காகப் போகிறோமோ அவரையே வெயிட்டிங்கில் போட்டிருக்கிறாரே என்று கேட்டதற்கு, "பேரு எந்த வரிசையில அடிச்சாங்கன்னு பசங்களைக் கேக்கணும்" என்று வைத்துவிட்டார்.

மேட்டுப்பாளையத்தில் ரயில் காலை 7:10க்கு. 5:30க்கு வருவதாகச் சொன்ன வேன் 6:40க்கு வந்தது. வழியெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். டிரைவர் மட்டும் நிதானமாக ஓட்டினார், நடுவில் டீக்கு வேறு நிறுத்தினார். மேட்டுப்பாளையம் ஊருக்குள் வந்ததும் வண்டி ஸ்டேஷன் பக்கம் திரும்பாமல் நேராகப் போனது.

"அண்ணே, ஸ்டேஷன்?"

"இங்கெதுக்குங்க? உங்களுக்குக் குன்னூர்லதானுங்க ரயிலு. டெய்லி அங்கதான் ஏத்தி விடறனுங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மலைப்பாதையில் வேன் வளைந்து வளைந்து ஏற, சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான்.

குன்னூர் ஸ்டேஷனில் 139க்கு அழைத்து பி.என்.ஆர். நிலையைக் கேட்டேன். உறுதியாகவில்லை, டிக்கெட் ரத்து. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லோருமே வெயிட்டிங்கில் நின்றுவிட்டால், சார்ட், அதாவது யாருக்கு எந்த இருக்கை என்ற கடைசிப் பட்டியல், தயாரானதும் அது தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏற முடியாது. பணம் திரும்பி வரும், ஆனால் எந்தக் கணக்கிலிருந்து கட்டினார்களோ அந்தக் கணக்குக்கே போகும். அதாவது ஏஜெண்டுக்கு. ரத்தான செய்தியும் அவர் ஃபோனுக்கே போகும், ஏனென்றால் பதிவு செய்த எண் அவருடையது. டிக்கெட் கிடைத்தாலும் அவருக்கு லாபம், கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேவைப்பட்டது.

கவுண்டரில் முன்பதிவில்லாத டிக்கெட் இரண்டு வாங்கினேன். கொஞ்ச நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் வந்தது. நாங்கள் இருந்திருக்க வேண்டிய ரயில். நீலப் பெட்டிகள் முன்னால் வர, பின்னாலிருந்து நீராவி என்ஜின் தள்ளிக்கொண்டு வந்து மூச்சு வாங்கி நின்றது. இறங்கியவர்கள் எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு. அப்பா யாரையும் பார்க்காமல் நேராக என்ஜின் பக்கம் நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார். அப்புறம் தண்டவாளத்தின் நடுவே பார்த்தார்.

"பல்லு எங்கடா?"

"அது கீழயே முடிஞ்சிருதுப்பா."

சரி என்று தலையாட்டினார். என்ஜினைக் கழற்றிக்கொண்டு போகும்வரை அங்கேயே நின்றார். இந்த என்ஜினில் நான்கு சிலிண்டர். இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்டும், அதில் வேலை செய்து வெளியே வரும் நீராவியை மற்ற இரண்டுக்குக் கொடுத்து பல்சக்கரத்தைச் சுழற்றுவார்கள். இதை அங்கிருந்த ஊழியர் ஒருவர் அப்பாவுக்குப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அது, இலவசமாகக் கிடைத்தது.

முன்பதிவில்லாத பெட்டியில் நிற்க மட்டுமே இடம் இருந்தது. வெலிங்டனில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து அப்பாவுக்கு இடம் கொடுத்தாள். அக்காவும் பிள்ளைகளும் வேறு பெட்டி. ஊட்டியில் சாப்பாடு, தோட்டம், ஏரி எல்லாம் நடந்தது, எழுதும்படி ஒன்றுமில்லை. திரும்புவதும் வேனில்தான். ‘போக வர மலை ரயில்’ என்று நான் நினைத்திருந்ததும் என் கற்பனையாம்.

ஊருக்கு வந்து ஏஜெண்டைப் பிடித்தேன். "ஊட்டி ரயில்னு சொன்னேன், ஊட்டிக்குத்தானே சார் போனீங்க?" ரத்தான டிக்கெட்டின் பணத்தைக் கேட்டால் "வந்ததும் தர்றேன்". டிக்கெட்டின் முழு நகலைக் கேட்டபோதுதான் குரல் மாறியது. அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் எடுத்த டிக்கெட்டில் ஏஜெண்ட் விவரம் அச்சாகி இருக்கும். எங்களுக்கு வந்ததெல்லாம் வெறும் குறுஞ்செய்தி, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் எடுத்தது. அப்படி எடுத்து லாபத்துக்கு விற்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவின்படி குற்றம்; 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். இதைச் சொல்லி, நுகர்வோர் உதவி எண் 1915க்கும் புகார் போகும் என்றேன். அன்று மாலையே 2,000 ரூபாய் வந்தது. மீதிக்கு இன்றுவரை ‘பார்க்கலாம் சார்’தான்.

எனக்கு இப்போது தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். விடுமுறை நாட்களுக்கு அன்று காலையே உட்கார்ந்தால்தான் உண்டு. தேடும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து என்று போடுங்கள். ஏறும் ரயிலில் இடம் இல்லையென்றால், மதியம் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் ரயிலைப் பாருங்கள். குன்னூருக்குக் கீழே அதே நீராவி என்ஜின், அதே பல்பட்டை. ஏறுவதுதான் அழகு என்று பலர் சொல்வார்கள், எனக்கென்னவோ கிடைப்பதுதான் அழகு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து ரயில் ரத்தாவது வழக்கம். அந்த மாதங்களில் முன்பணம் வாங்கும் எந்த பேக்கேஜையும் தொடாதீர்கள், ரயில்வே திருப்பித் தரும் பணமும் உங்களுக்கு வராது. ஏஜெண்ட் மூலம்தான் போயாக வேண்டும் என்றால் பதிவில் உங்கள் ஃபோன் எண்ணைப் போடச் சொல்லுங்கள், டிக்கெட்டை பி.டி.எஃப்.ஆக முழுசாக வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

போன மாதம் காலையிலேயே எழுந்து நானே உட்கார்ந்தேன். இரண்டே இருக்கை, அப்பாவுக்கும் எனக்கும், எம்.டி.பி.யிலிருந்து யு.ஏ.எம். வரை. அச்சடித்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதலில் தேதியைப் பார்க்கவில்லை. ஏறும் ஸ்டேஷன் பெயரை விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.