1:350 பக்லி கிளாஸ் கப்பல் கிட், ஒட்டி முடிச்சாச்சு

பெட்டியில அமெரிக்கக் கொடியோட பக்லி கிளாஸ் டிஸ்ட்ரோயர் எஸ்கோர்ட், அதாவது மற்றக் கப்பல்களுக்குக் காவல் போற போர்க்கப்பல், அதின்ர படம்தான் இருக்கு, ஆனா நான் வாங்கினது அதுக்காக இல்லை. இதே கப்பலைத்தான் உலக யுத்தத்தில லெண்ட் லீஸ் எண்டு பிரிட்டிஷ் நேவிக்கு இரவலாக் குடுத்தவங்கள், அங்க அதுக்குப் பேர் கப்டன் கிளாஸ் ஃப்ரிகேட். மொத்தம் 78, அதில 46 பக்லி, மிச்சம் 32 எவார்ட்ஸ் எண்ட இன்னொரு கிளாஸ். நான் செய்தது அதில டக்வொர்த் எண்ட கப்பல், நம்பர் கே 351. சும்மா இல்லை, 1942ல அமெரிக்காவிட்டயே எஸ்கோர்ட் கப்பல் காணாமல் பிரிட்டிஷ்காரனிட்ட ஃப்ளவர் கிளாஸ் கோர்வெட் 10 வாங்கி ஓட்டினவங்கள், பிறகுதான் இது மற்றப் பக்கமாத் திரும்பினது.

கடையைப் பற்றி முதல்ல சொல்லிப்போடுறன். கொழும்புக் கடை, பேர் வேண்டாம். கிளிநொச்சிக்கு வர 11 நாள், பெட்டி ஒரு பக்கம் நசுங்கி, மாஸ்ட் ரெண்டா முறிஞ்சு கிடந்தது, படம் எடுத்து அனுப்பினா "பாத்துச் சொல்றம்" எண்டதோட சரி. கடைக்கு ரெண்டு ஸ்டார்.

கிட் நல்லம். ஒட்டினாப் பிறகு 27 சென்ரிமீற்றர் கிட்ட வரும், ஹல் ரெண்டு பாதியும் இடைவெளி இல்லாமல் பொருந்துது, புட்டி தேவைப்படேல்லை. கவலை ஹெட்ஜ்ஹாக், நீர்மூழ்கிக்குக் குண்டு எறியிற கருவி, அதுதான். 24 குண்டும் தனித்தனியாத் தெரிய வேணும், இவங்கள் ஒரு கட்டியில முள்ளு முள்ளா வார்த்து விட்டிருக்கிறாங்கள். நீர்மூழ்கி அடிக்கிற கப்பலில அதுதானே விசயம், டெப்த் சார்ஜ் (தண்ணிக்குள்ள ஆழத்தில வெடிக்கிற குண்டு) மாதிரிப் பின்னால விழாமல் முன்னால எறியும், பட்டா மட்டும் வெடிக்கும், படாட்டி சத்தமே இல்லை, அதால சோனாரில ஆளைத் தவற விடாமல் திரும்ப அடிக்கலாம்.

பிரிட்டிஷ் கப்பலாக்க வேணுமெண்டா டொர்பீடோ குழாய் மூண்டையும் ஒட்ட வேண்டாம், அவங்கள் அதை வைக்கேல்லை. அட்லான்டிக்கில இந்தக் கப்பல் படுமோசமா உருண்டதாம், அதுக்கு பில்ஜ் கீலை, உருளுறதைக் குறைக்க அடிப்பக்கத்தில நீட்டி நிக்கிற தகட்டை, பெரிசாக்கி, டெக்கில கூட டெப்த் சார்ஜ் அடுக்கிப் பாரம் ஏத்தினவங்கள். நான் கீலுக்கு பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ஒட்டினன், டெப்த் சார்ஜ்தான் பெட்டியில இருக்கிறது காணாது, ஸ்ட்ரோவைத் துண்டு துண்டா வெட்டிச் சமாளிச்சது. டீகால், ஒட்டுற ஸ்டிக்கர், எல்லாம் அமெரிக்க நம்பர், கே 351ஐ கையால எழுதினன், கிட்டப் போய்ப் பாக்காதேங்கோ.

ஒரு விசயம், வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறதெண்டா கதவைப் பூட்டிப்போட்டு அடியுங்கோ. எங்கட ரோட்டால ரெண்டு டிப்பர் போனாப் போதும், செம்மண் நிறத்தில அட்லான்டிக் கப்பல்.

கிட்டுக்கு நாலு ஸ்டார். முடிச்சு ஹோலில வச்சன், அம்மா வந்து பாத்திட்டு "உந்த டோராவை ஏனடா வீட்டுக்க கொண்டந்து வச்சிருக்கிறாய்" எண்டு கேட்டவ. டோரா எண்டா இலங்கை நேவியின்ர பீரங்கிப் படகு. இது டோரா இல்லையம்மா, வெள்ளைக்காரன்ர பழைய கப்பல் எண்டன். பீரங்கி இருக்குத்தானே எண்டா. இப்ப என்ர அறை அலுமாரிக்கு மேல நிக்குது.