வேலூர் போர்வெல் தண்ணீருக்கு எந்தக் கீசர்: இன்ஸ்டன்ட்டா, ஸ்டோரேஜா?

பழைய கீசர் அடியில் சொட்ட ஆரம்பித்துக் கடைக்குப் போனால், முதலில் கேட்பார்கள்: "எத்தனை லிட்டர் வேணும் சார்?" காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் இருக்கிறவர்கள் லிட்டர் கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மொட்டைமாடி டேங்கில் ஏறுவது காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா? குழாய் முனையில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது என்றால் உங்கள் கீசரின் ஆயுளை முடிவு செய்வது அந்தத் தண்ணீர்தான், கம்பெனி பெயர் அதற்கு அப்புறம்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கார்பனேட்டாக மாறி, கீசருக்குள் சூடேற்றும் கம்பிச் சுருளான காயில் மேல் சுண்ணாம்பாகப் படிகிறது, சூடு கூடக் கூடப் படிவதும் வேகமாகிறது. படிந்த சுண்ணாம்பு சூட்டைத் தண்ணீருக்கு விடாது, அதனால் காயில் தனக்குள்ளேயே வெந்து ஒரு நாள் வெடித்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு, ஓடும் தண்ணீரை அப்போதைக்கப்போது சுடவைக்கும் இன்ஸ்டன்ட், டேங்கில் நிரப்பி முன்கூட்டியே சுடவைக்கும் ஸ்டோரேஜ் இரண்டையும் பார்க்கலாம்.

இன்ஸ்டன்ட் என்று விற்கும் 3 லிட்டர், 3 கிலோவாட் கீசர் விலை குறைவு, இடமும் அடைக்காது. ஆனால் எவ்வளவு வெந்நீர் தரும்? 25 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டுமானால், 3 கிலோவாட்டால் நிமிஷத்துக்கு 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் தர முடியும். 20 லிட்டர் வாளி நிரம்ப 7 நிமிஷம். மார்கழியில் டேங்க் தண்ணீரே குளிர்ந்து வரும்போது 8 நிமிஷத்தைத் தாண்டிவிடும். இதோடு வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் இன்னும் மோசம்: 230-க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் காயிலின் சக்தி கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்து, 3 கிலோவாட் என்பது 2.3-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதே வோல்டேஜில் ஸ்டோரேஜ் கீசர் சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான், குளிக்கும்போது வெதவெதப்பாக வந்து ஏமாற்றாது.

இன்ஸ்டன்ட் கரண்டை மிச்சம் பிடிக்கும் என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வாளித் தண்ணீரை 15 டிகிரி ஏற்ற எந்தப் பெட்டியானாலும் 0.35 யூனிட் வேண்டும். நாலு பேர் தினமும் ஆளுக்கு ஒரு வாளி என்றால் 1.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 84 யூனிட், இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். ஸ்டோரேஜில் கூடுதலாக வீணாவது, சுடவைத்துவிட்டு அப்படியே விட்டால் ஆறிப்போகும் சூடு மட்டும்தான். அரை மணி முன்னால் போட்டு, குளித்து முடித்ததும் அணைக்கிற வீட்டில் அது அற்பம். நாள் முழுக்க ஆனில் விடுகிற பழக்கம் உள்ளவர்கள்தான் 5 ஸ்டாருக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் குழாயைத் திறந்தாலே கை சுடுகிறது, கீசருக்கு வேலை இருப்பது என்னவோ கார்த்திகையிலிருந்து மாசி வரைதான். ஏலகிரி மேலே வீடு என்றால் கணக்கே வேறு.

சமையலறை சிங்க், தனியாக இருக்கும் ஒருவர், அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரர், இவர்களுக்கு இன்ஸ்டன்ட் போதும். குடும்பத்துக்கு ஸ்டோரேஜ்தான் என்பது என் கட்சி.

15 லிட்டரா, 25-ஆ? 15 லிட்டரை 60 டிகிரிக்குச் சுடவைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும், கிட்டத்தட்ட இரண்டு வாளி. 2 கிலோவாட் காயில் அடுத்த ஈடு சுடவைக்க 20 நிமிஷம் எடுக்கும். வாளியில் மொண்டு குளிக்கும் வீட்டுக்கு இது தாராளம். ஷவர் வைத்திருந்தால், அல்லது காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 25 வாங்குங்கள், ஆனால் தண்ணீரோடு சேர்த்து அது 35 கிலோ வரை கனக்கும், ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண போல்ட்டை நம்பி மாட்டாதீர்கள்.

டேங்க் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். எவர்சில்வர் டேங்க் துருவே பிடிக்காது என்பார்கள், ஆனால் தண்ணீரில் குளோரைடு அதிகமானால் வெல்டிங் ஓரத்தில் ஊசி முனை அளவு ஓட்டை விழும். கிளாஸ் லைனிங் என்பது இரும்பு டேங்குக்கு உள்ளே பூசிச் சுட்ட எனாமல். பூச்சில் எங்காவது விரிசல் விட்டால் அந்த இடத்துக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ள மெக்னீசியம் ஆனோட் கம்பி ஒன்று உள்ளே இருக்கும். உப்புத் தண்ணீருக்கு நான் கிளாஸ் லைனிங்கையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுண்ணாம்பைச் சுரண்டி, கம்பி கரைந்திருந்தால் புதுசு போட வேண்டும். அதைச் செய்ய மாட்டீர்கள் என்றால் எந்த டேங்க் வாங்கினாலும் ஒன்றுதான். தெர்மோஸ்டாட்டை 55-ல் வையுங்கள், சுண்ணாம்பு குறையும்.

கேஸ் கீசர் நிமிஷத்துக்கு 6 லிட்டர் தரும், ஆசையாகத்தான் இருக்கும். பாத்ரூமுக்குள் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். அடைத்த அறையில் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, குளித்துக்கொண்டே மயங்கி விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் மேலே டேங்க் தாழ்வாக இருந்தால் அழுத்தம் போதாமல் பற்றவே பற்றாது. சோலார் நம் வெயிலுக்கு அருமை, தனியாக வெந்நீர் லைன் இழுக்க முடிந்தால் யோசிக்கலாம், போர் தண்ணீர் வீட்டில் கண்ணாடிக் குழாய் வகையாகப் பாருங்கள், தகடு வகையின் மெல்லிய செம்புக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

கீசரில் மிச்சம் பிடித்த காசைப் பொருத்தும் சாமான்களில் போடுங்கள். பழைய கனெக்ஷன் பைப் இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், உள்ளே வாஷர் கல்லாகியிருக்கும். வெந்நீர் லைனுக்கு சிபிவிசி குழாய்தான், அது 93 டிகிரி வரை தாங்கும், வெள்ளை யுபிவிசி இளகி ஜாயிண்ட் விட்டுவிடும். பச்சைத் தண்ணீர் வழியில் தண்ணீரைத் திரும்பிப் போக விடாத வெறும் நான் ரிட்டர்ன் வால்வா, அழுத்தம் கூடினால் வெளியேயும் விடும் சேஃப்டி வால்வா என்றால் யோசிக்காமல் சேஃப்டி வால்வு. 15 லிட்டர் சூடேறும்போது 200 மில்லி அளவுக்குப் பெருகுகிறது, திரும்பிப் போக வழி அடைத்திருந்தால் அது வால்வின் மூக்கு வழியாகத்தான் சொட்ட வேண்டும். "சொட்டுதுண்ணா, அடைச்சுடட்டுமா?" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், அதை அடைத்தால் அழுத்தம் முழுக்க டேங்க் மேல் போகும். ஒரு சின்ன டியூப் மாட்டி வடிகாலில் விட்டால் தொல்லை தீர்ந்தது.

கரண்ட் பக்கம் 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. ஒயர், லோடு மீறினால் தானாக விழும் எம்சிபி சுவிட்ச் தனியாக ஒன்று. 3 கிலோவாட் 13 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 4 சதுர மி.மீ. ஒயர் நிம்மதி. கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் கீசரை மாற்றும் கையோடு அதையும் போட்டுவிடுங்கள். எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும், எலெக்ட்ரீஷியனை வைத்து அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு நீல முனையில் பச்சைத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். காற்று சீறி அடங்கித் தண்ணீர் சீராக விழுந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். காலி டேங்கில் சுவிட்சைப் போட்டால் புதுக் காயில் அன்றைக்கே எரிந்துபோகும்.